தைக்கிறவரையும் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள்

நீலகிரியில் கலைக்கூடம் நடத்துகிறவர்களுக்கும், மென்சிற்பங்களோடு ஆட மலைக்கு வருகிற நவீன நடனக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குன்னூரில் தையல் கடை வைத்திருப்பவள் நான். பள்ளிக்கூட பிளேசர், சோபா உறை, ஜன்னல் திரை, கல்யாண ஜாக்கெட், தேயிலை பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு என்று எது வந்தாலும் தைப்பேன். போன சீசனில் புதிதாக ஒரு வேலை வந்தது. உங்களில் ஒருவருடைய கூடத்தில் நடந்த நவீன நடன நிகழ்ச்சிக்குத் துணி உருவங்கள் தைத்துக் கொடுத்தேன். ஆடுகிறவர்கள் தூக்கவும் இழுக்கவும் மேலே விழவும் உள்ளே புகுந்துகொள்ளவும் வேண்டிய உருவங்கள். மென்சிற்பம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள்.

கூடத்தின் பெயரையோ குழுவின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. நல்ல மனிதர்கள்தான், பேசிய கூலி பேசிய தேதியில் வந்துவிட்டது. அவர்களோடு மட்டும் முடிகிற சமாச்சாரம் என்றால் போனிலேயே பேசித் தீர்த்திருப்பேன். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் இந்த மாதிரி வேலை செய்து கொடுத்த வேறு தையற்காரர்களிடம் பேசிப் பார்த்தேன், அவர்கள் கதையும் என் கதைதான். அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். தைக்கிறவரை ஒத்திகையின் முதல் நாளிலேயே உள்ளே கூப்பிடுங்கள். கடைசி ஆட்டம் முடிகிறவரை கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அளவெழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் போய், நிகழ்ச்சிக்கு முந்தின சாயங்காலம் வந்து ஆட்டோவில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிற வழக்கம் இந்த வேலைக்கு ஒத்துவராது. ஆட்டம் நன்றாக வர வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். கொஞ்சம் கோபமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு வந்த தாளில் மூன்று படங்கள் இருந்தன. முதலாவது, இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு குழாய். இரண்டாவது, கை கால் போல நாலைந்து நீட்டல்கள் துருத்திக்கொண்டிருக்கும் பெரிய உருண்டை. மூன்றாவது ஒரு பை. உள்ளே ஓர் ஆள் முழுசாகப் போய்விடலாம். சென்டிமீட்டர் கணக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. துணி என்ற இடத்தில் மட்டும் ‘வெள்ளைக் காட்டன்’ என்று எழுதி விட்டுவிட்டார்கள். உள்ளே என்ன அடைப்பது என்று போன் போட்டுக் கேட்டேன். “பஞ்சுதான் அக்கா, சாதாரணப் பஞ்சு” என்றார் அந்தப் பக்கம் இருந்த தம்பி.

சாதாரணப் பஞ்சு என்று கடையில் எதுவும் விற்பதில்லை. இலவம் பஞ்சு லேசாக இருக்கும், தொட இதமாக இருக்கும். ஆனால் அதன் இழை வழவழப்பானது. ஊசி போட்ட துவாரம் வழியாகவே கசிந்து வெளியே வரும். மூச்சு வாங்க ஆடுகிறவர் மூக்கில் அது ஏறினால் அப்புறம் ஆட்டம் எங்கே, தும்மல்தான். பருத்திப் பஞ்சு ஈரத்தைக் குடித்துக் கட்டி கட்டியாக உறைந்துவிடும். மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வருகிற ஊரில் அதை அடைத்தால் நாலாம் நாள் நாற்றம் வரும். ரெக்ரான் என்கிற பாலியஸ்டர் பஞ்சு சீக்கிரம் காயும், அமுக்கினால் மறுபடி எழுந்துகொள்ளும். அதில் ஒரே சிக்கல், கனம் போதாது. தரையில் விழுந்தால் விழுந்ததே தெரியாது. கனம் வேண்டும் என்றால் திருப்பூர் பனியன் வேஸ்ட் அடைக்க வேண்டும். கிலோ கணக்கில் கிடைக்கும், மலிவு, விழுந்தால் ஆள் விழுந்த மாதிரி ‘தொப்’ என்று சத்தம் வரும். அந்த உருண்டையை ஆடுகிறவர் தூக்கிப் போட்டுப் பிடிக்கப் போகிறாரா, அதன் அடியில் நசுங்கிக் கிடக்கப் போகிறாரா? அது தெரியாமல் நான் எதை அடைப்பது? அந்தத் தம்பிக்கும் தெரியவில்லை. “டான்ஸ் இன்னும் டெவலப் ஆகிட்டு இருக்குக்கா” என்றார்.

நல்லது. நடனம் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தால், சிற்பமும் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அளவை மட்டும் எப்படி முடித்து அனுப்பினீர்கள்?

துணி விஷயம் இதைவிட முக்கியம். தறியில் நெய்த காட்டன் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுபடாது. கிராஸாக வெட்டினால் கொஞ்சம் கொடுக்கும். பனியன் துணி எல்லாப் பக்கமும் கொடுக்கும். லைக்ரா கலந்தால் இழுத்த இழுப்புக்கு வந்து, விட்டால் பழையபடி திரும்பும். ஆடுகிறவர் முழங்கையால் உள்ளேயிருந்து குத்தும்போது வெளியே ஒரு முனை தெரிய வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்வது துணிதான். மார்த்தா கிரஹாம் 1930ல் ஆடிய ‘லேமென்டேஷன்’ என்ற சின்ன நடனத்தில், அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடியே, உடம்பைச் சுற்றிய பின்னல் துணிக் குழாய்க்குள் இருந்துகொண்டு இழுப்பார், முறுக்குவார். முகமும் கையும் காலும் மட்டும் வெளியே தெரியும். அந்தத் துணி இழுபடுகிற கோடுகள்தான் அங்கே துக்கம். அதையே காடாத் துணியில் தைத்திருந்தால் அவர் மூட்டைக்குள் மாட்டிக்கொண்ட மனுஷியாகத்தான் தெரிந்திருப்பார். குழுவில் இருந்த பெண் ஒருத்தி எனக்கு அந்த வீடியோவைக் காட்டினாள். அன்றைக்குத்தான் அவர்கள் என் குழாயிடம் எதிர்பார்த்தது என்ன என்று எனக்கு விளங்கியது. எப்போது? முதல் ஆட்டம் முடிந்த மறுநாள்.

முதல் ஆட்டத்தில் நடந்தது இது. குழாயின் இரண்டு முனையையும் இரண்டு பேர் இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். முழு உடம்புக் கனமும் துணியில். மூன்றாவது பெண் நடுவில் ஏறிப் படுத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடைத்ததெல்லாம் இரண்டு முனைக்கும் ஒதுங்கிப்போய், நடுவில் அவள் கிடந்த இடம் தொட்டில் மாதிரி ஆகிவிட்டது. நான் பின்வரிசையில் நின்று தையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புரண்ட மாத்திரத்தில் நடுத்தையல் பல்லிளித்தது. காகிதத்தில் ‘குழாய்’ என்று இருந்தால் குழாய்க்கான தையல் போடுவார்கள். மூன்று ஆள் தொங்கப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தால், உள்ளே நாடா வைத்து இரட்டைத் தையல் போட்டு, ஓரத்தை மடித்து இன்னொரு முறை ஓட்டியிருப்பேன். கூடுதல் செலவு நாடாவுக்கும் நூலுக்கும் மட்டும்தான்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கூடங்களில் பல பழைய பங்களாக்கள். மரப்பலகைத் தரை, பார்க்க லட்சணம். பலகைக்குப் பலகை ஆணித்தலை லேசாக எழும்பி நிற்கும். வெறுங்காலோடு ஆடுகிறவர்களுக்காக அதை ஒருவர் சுத்தியலோடு தட்டிக்கொண்டே போனதைப் பார்த்தேன். துணிக்காக யாரும் பார்க்கவில்லை. காலுக்குத் தட்டுப்படாத ஆணி பனியன் துணியைக் கவ்வும். கவ்விய இடத்தில் இழை அறுந்து ஓட்டையாகும், ஓட்டை ஓடிக்கொண்டே போகும். ஒரு பழைய சேலையைத் தரையில் நாலு பக்கமும் இழுத்துக்கொண்டு போனால் எந்த ஆணி கவ்வும் என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். தையற்காரர் உள்ளே வந்தால் முதலில் செய்கிற வேலை அதுதான்.

சரி, இரண்டாம் நாளுக்கு வருகிறேன். பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்வர நேரமில்லை. கூடத்தின் நடுவிலேயே தரையில் உட்கார்ந்து, குழாயை மடியில் போட்டுக்கொண்டு, கோணி ஊசியால் பின்தையல் போட்டுக்கொண்டிருந்தேன். நேரம் ஆகிவிட்டது, கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். யாரும் பேசவில்லை. இரண்டு பேர் போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்து முடிச்சுப் போட்டதும் கை தட்டினார்கள்! ஆட்டம் தொடங்கிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள் பாவம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர்கள் நினைத்ததில் தப்பு என்ன என்று இப்போது தோன்றுகிறது. பெரிய துணி உருவம் ஒன்றை ஓர் ஆள் மடியில் கிடத்தி, திருப்பி, அமுக்கி, காயத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் பார்க்க வந்ததும் அதைத்தானே?

கை தட்டல் ஓய்வதற்குள் ஒருவர் குனிந்து என் காதில், “அக்கா, அந்தப் பின்கதவு வழியாப் போயிருங்க” என்றார். போய்விட்டேன்.

பின்கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. 1965ல் பிரேசில் நாட்டு ரியோ நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சித் திறப்பு. ஹெலியோ ஓய்ட்டிசிகா என்ற கலைஞர், துணியிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த மேலங்கிகளை மங்கேரா என்ற மலைச்சரிவுக் குடியிருப்பின் சம்பா ஆட்டக்காரர்களுக்கு மாட்டி அழைத்து வந்தார். சுவரில் மாட்டினால் அவை துணி. ஆள் மாட்டிக்கொண்டு ஆடினால்தான் கலை என்பது அவர் கட்சி. அருங்காட்சியகம் அவர்களை உள்ளே ஆட விடவில்லை. அவர்கள் வெளியே தோட்டத்தில் ஆடினார்கள். எனக்கு ஆட வராது, அதனால் மடல் எழுதுகிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். அந்தப் பழுது பார்க்கும் வேலைக்கு நடுவில், கூட்டம் வருவதற்கு முன்னால், குழுவில் சின்னவளான ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உருண்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கையைக் காட்டி, “அக்கா, இது ரொம்ப விறைப்பா இருக்கு, என் தோள் இதுக்குள்ளே போகமாட்டேங்குது. கொஞ்சம் காலி பண்ண முடியுமா?” என்றாள். தையலை விரல் நீளத்துக்குப் பிரித்துவிட்டேன். ஒரு கைப்பிடி எடுத்தேன். அவள் தோளை நுழைத்துப் பார்த்தாள். இன்னொரு கைப்பிடி. பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு கட்டத்தில் அந்தக் கை, பாதி தூரம் நிமிர்ந்து நின்று, பிறகு கழுத்து ஒடிந்த மாதிரி தொங்கியது. அவள் அப்படியே நிறுத்தச் சொன்னாள். அந்தத் தொங்கலைப் பார்த்துவிட்டு அவளும் தலையைத் தொங்கப் போட்டாள். உருண்டையைத் தூக்கினால் அதன் கை தொங்கும். இறக்கினால் மெல்லத் தூக்கும். அவள் தலை அதற்கு எதிராகப் போகும். மற்ற இருவரும் ஓடி வந்து பார்த்தார்கள். “இதை வெச்சுக்கலாம்” என்றார்கள். அன்று சாயங்காலமே ஆட்டத்தில் அது இருந்தது. ஊர்க்காரர்கள் அப்புறம் என்னிடம் பேசியதும் அந்த இடத்தைப் பற்றித்தான்.

அந்த அசைவைச் செய்தது யார்? ஆடியவள் பாதி. எத்தனை கைப்பிடி எடுத்தால் நிற்கும், எத்தனை எடுத்தால் விழும் என்று தெரிந்த கை மீதிப் பாதி. திணிப்பு எங்கே தளர்ந்தால் துணி எங்கே மடியும் என்பது சோபா உறையும் பிளேசர் தோளும் தைத்துத் தைத்து வந்த புத்தி. அதை அளவுத்தாளில் எழுதி அனுப்ப முடியாது. உங்களுக்கு அது தேவை, ஆனால் கடைசி நேரத்தில் தையல் விட்டுப்போன புண்ணியத்தில்தான் உங்களுக்குக் கிடைத்தது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த நியாயம் ஒன்றுமில்லை. மென்சிற்பம் என்றால் எல்லோரும் முதலில் சொல்கிற பெயர் கிளாஸ் ஓல்டன்பர்க். 1962ல் நியூயார்க்கின் கிரீன் கேலரியில் அறை நிறைய கேக் துண்டு, ஐஸ்கிரீம் கூம்பு, ஹாம்பர்கர் என்று கான்வாஸ் துணியில் தைத்து, ஃபோமும் அட்டைப்பெட்டிகளும் அடைத்துத் தரையில் போட்டார். அதில் ஹாம்பர்கரை 1967ல் கனடாவின் டொரான்டோ அருங்காட்சியகம் வாங்கியபோது, கலைக் கல்வி படிக்கும் பிள்ளைகள் அட்டையில் பெரிய கெட்சப் பாட்டில் செய்து கொண்டுவந்து எதிர்ப்புத் தெரிவித்தார்களாம். அது இருக்கட்டும். அந்த உருவங்களைத் தைத்தவர் அவருடைய அப்போதைய மனைவி பட்ரீசியா முஷின்ஸ்கி. அவர் வெறும் தையற்காரியும் இல்லை. அதே வருஷம் ஓல்டன்பர்க் ஒரு கடையின் பின்னறையில் நடத்திய நிகழ்த்துக்கலைகளில் அவரும் ஆளாக நின்று நடித்தார். அந்த நிகழ்ச்சிகளுக்காகச் செய்த துணிச் சாமான்களிலிருந்துதான் பெரிய மென்சிற்பங்கள் வளர்ந்தன. ஆகவே, உடம்பும் துணியும் ஊசியும் அன்றைக்கே ஒரே அறையில்தான் இருந்தன. பிற்பாடு அருங்காட்சியகத்துக்குப் போனபோது ஊசி மட்டும் வாசலில் நின்றுவிட்டது.

எல்லோரும் அப்படி விட்டுவிடவில்லை. 1970களில் செங்கா நெங்குடி என்ற அமெரிக்கக் கலைஞர், பெண்கள் போட்டுப் பழசான நைலான் காலுறைகளில் மணலை அடைத்து, முடிச்சுப் போட்டு, சுவரிலிருந்து இழுத்துக் கட்டினார். பிள்ளைப்பேற்றில் உடம்பு விரிவதும் திரும்புவதும்தான் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது. அந்த இழைகளுக்குள் புகுந்து இழுத்து ஆடியவர் அவருடைய தோழி மாரன் ஹாசிங்கர். அவரே நாரிலும் கம்பியிலும் சிற்பம் செய்கிறவர். முடிச்சுப் போடத் தெரிந்தவரே உள்ளே ஆடினால் எங்கே இழுக்கலாம், எங்கே விட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே மிருணாளினி முகர்ஜி 1970களிலிருந்து நார்க்கயிற்றைக் கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு, தறியும் இல்லாமல், ஆளைவிட உயரமான உருவங்களை நிறுத்தினார். அவற்றோடு யாரும் ஆட வேண்டிய அவசியமே இல்லை, நின்ற நிலையிலேயே அவை திரும்பிப் பார்க்கும். படத்தில் பார்த்தால்கூடத் தெரியும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். வாசலில் வைத்த பலகையில் கருத்தாக்கம் யார், நடன அமைப்பு யார், ஒளி யார், ஒலி யார், புகைப்படம் யார் என்று எழுதியிருந்தார்கள். தேநீர் உபயம் செய்தவர் பெயர்கூட இருந்தது. தையல் இல்லை. கேட்டபோது வந்த பதில், “அது புரொடக்‌ஷன் வேலைதானேம்மா, கார்பென்டர் பேரை எல்லாம் போடறதில்லையே.” ஒரு திரைச்சீலை தைத்துக் கொடுத்துவிட்டு அதன் ஓரத்தில் என் பெயரை எழுது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. திரை தொங்குவதோடு சரி. இங்கே அப்படியா? ஆடுகிறவர் உடம்பு படுகிற ஒவ்வொரு இடத்திலும் இன்னொரு கை எடுத்த முடிவு இருக்கிறது. லோயி ஃபுல்லர் என்ற நடனக்காரி, கைக்குள் கம்புகளை வைத்துப் பட்டுத்துணியைச் சுழற்றி ஆடுவதில் பேர் போனவர். தன் ஆட்டத்தை இன்னொருத்தி காப்பியடிக்கிறாள் என்று 1892ல் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார். கதை இல்லாத ஆட்டத்துக்கு உரிமை கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். அவர் 1894ல் அந்த உடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பு எங்கே, துணி எப்படி என்று படம் போட்டு. ஆட்டத்தில் பாதி துணியின் அமைப்பில் இருக்கிறது என்பதை நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு காப்புரிமை அலுவலகம் ஒத்துக்கொண்டுவிட்டது.

வேண்டாம், அவ்வளவு தூரம் போக வேண்டாம். கூடலூர்ப் பக்கத்தில் உன்னிச்செடிக் குச்சிகளால் நிஜ யானை அளவுக்குச் செய்த யானைகள் 2021ல் லண்டன் பூங்காக்களிலும் 2024ல் அமெரிக்காவிலும் நின்றன. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் செய்தவை என்று சொல்லித்தான் அவற்றைக் காட்டினார்கள். நம் மாவட்டத்து ஆட்களே செய்து காட்டிய வழக்கத்தைக் குன்னூரில் கடைப்பிடிப்பதில் என்ன கஷ்டம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என் சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் கேட்டது என்னிடம். உருண்டைக்கு மேல் போர்த்த, தோடர் பழங்குடியினர் போர்த்திக்கொள்கிற பூவேலைப் போர்வையான பூத்துக்குளி, பழையது ஒன்று கிடைக்குமா, வெட்டித் தைத்தால் ‘உள்ளூர் வாசம்’ வருமே என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கறுப்பு சிவப்பு வேலைப்பாட்டைத் தோடர் பெண்கள் முன்கூட்டிப் படம் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணி, துணியின் பின்பக்கமிருந்தே போடுகிறார்கள். 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதெல்லாம் அப்புறம். இறந்தவர்களைப் போர்த்தி அனுப்புகிற துணி அது. அதைக் கத்தரித்து ஃபோம் அடைத்துக் காலால் உருட்டி ஆடினால், பார்க்க வருகிற ஊர்க்காரர் முகத்தில் எப்படி முழிப்பீர்கள்? அந்தக் கைவேலை வேண்டும் என்றால் அவர்கள் ஊரான மந்துக்குப் போய் அந்தப் பெண்களையே கேளுங்கள். எது தரலாம், எது தரக்கூடாது, என்ன விலை என்பதை அவர்கள் சொல்லட்டும். அவர்களையும் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள்.

‘இங்கே இருக்கிறவர்களுக்கு இது புரியுமா’ என்ற பேச்சும் என் காதில் விழுந்தது. இதற்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஒரு முறை படுகர் ஊருக்குப் போய், வெள்ளைத் துணி உடுத்தியவர்கள் வட்டமாக ஆடும்போது துணி எப்படி அசைகிறது என்று பாருங்கள். துணி ஆடுவதைப் பார்க்க இந்த ஊர்க் கண்ணுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அவர்களுக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். இவ்வளவு மெத்தென்று செய்துவிட்டு, தொடாதே என்று ஏன் கயிறு கட்டுகிறீர்கள்?

அதில் நான் அவர்கள் கட்சி. ஆட்டம் முடிந்தபின் அரை மணி நேரமாவது கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். பிள்ளைகள் பைக்குள் புகுந்து பார்க்கட்டும், எஸ்டேட்டிலிருந்து வந்த பெரியவர்கள் உருண்டையைத் தூக்கிக் கனம் பார்க்கட்டும். சும்மா திறந்துவிட்டால் வம்புதான், அதுவும் தெரியும். 1971ல் லண்டன் டேட் கலைக்கூடத்தில் ராபர்ட் மோரிஸ் மக்கள் ஏறி உருட்டி விளையாடும்படி மரத்திலும் உலோகத்திலும் சாமான்கள் வைத்தார். கூட்டம் ஆடிய ஆட்டத்தில் அடிபட்டு, சில நாட்களிலேயே மூட வேண்டியதாகிவிட்டது. 2009ல் பாதுகாப்பாகத் திருத்திச் செய்து மறுபடி திறந்தார்கள். துணியில் அடிபடாது, அழுக்குப்படும். அதற்கு வழி தலையணைக்குச் செய்கிற வழிதான்: உறை தனி, உள்ளே திணித்த பை தனி. உறையை ஜிப் வைத்துக் கழற்றும்படி தைத்துவிட்டால் துவைத்துப் போடலாம். ஜிப்பின் தலை மட்டும் ஆடுகிறவர் தோலில் படாமல் மடிப்புக்குள் போக வேண்டும். எந்தப் பக்கம் படும், எந்தப் பக்கம் படாது என்று தெரிய மறுபடியும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் உறையும் இரண்டு செட் தைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிறவர்கள் வியர்வை முழுக்க அதில்தான் இறங்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் ஒரு கைக்குட்டைகூடக் காயாது. ஈர உறையோடு மறுநாள் ஆடச் சொல்வது பாவம். டிசம்பர் உறைபனியில் அப்படிச் செய்தால் காய்ச்சல்தான். மழைக்காலத்தில் நிகழ்ச்சி வைத்தே ஆக வேண்டும் என்றால், சாமான் வைக்கிற அறையில் ஒரு ஹீட்டர் போடுங்கள். கொடியில் போடும்போது உள்பக்கம் வெளியே வரட்டும், பூசணம் முதலில் பிடிப்பது தையல் மடிப்பில்தான்.

பணம் பற்றி. தைக்கிற கூலி வேறு, ஒத்திகைக்கு வந்து உட்காருகிற நாளுக்கான கூலி வேறு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பின்னால் பழுது பார்க்கிற கூலி வேறு. மூன்றையும் முதலிலேயே எழுதிக்கொள்வோம். இவ்வளவு செலவு தாங்காது என்று சிலர் சொல்வீர்கள். புரொஜெக்டர் வாடகையும் வரவேற்பு மேஜைக்குப் பூவும் தாங்கியதைப் பார்த்தேன். உருவங்களில் ஒன்றைக் குறைத்தால்கூடப் போதும். மூன்று சுமாரான உருவத்துக்குப் பதில், நல்லதாக இரண்டு.

அடுத்த சீசனுக்கு யாராவது திட்டம் வைத்திருந்தால் துணி வாங்குவதற்கு முன்னால் வாருங்கள். மே மாதம் பள்ளிச் சீருடை வேலை கழுத்தை நெரிக்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. மார்ச்சுக்குள் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம். தாள் கொண்டுவர வேண்டாம், ஆடுகிறவர்களை அழைத்து வாருங்கள். கடையில் ஐந்தாறு வகைத் துணி வெட்டுத்துண்டுகள் கிடக்கின்றன, பிடித்து இழுத்துப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு தையற்காரி